யப்பான் மேட்டுநிலத்தில் ஒரு நாள் துடக்கு

கனடாவில், மொன்றியலில் நாங்கள் குடியிருந்த பகுதிக்குக் கோட்-டெ-நெய்ஜ் என்று பெயர். பிரெஞ்சில் பனி மூடிய சரிவு என்று பொருள். பெயருக்குக் குறைவில்லாமல் வருடத்தில் ஐந்து மாதம் அங்கே பனி கொட்டும். அப்படிப்பட்ட இடத்தில் ஒன்பது வயது வரை வளர்ந்த நான், பனியில் விளையாடுவதற்கென்று விமானம் ஏறி யப்பானுக்குப் போனேன் என்றால் இன்றைக்கும் ஆட்கள் நம்புவதில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அது எங்கள் குடும்பத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் பனி என்பது வேலை. அப்பா கிழமை நாட்களில் ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தார். சனி ஞாயிறுகளில் எங்கள் தெருவிலிருந்த நாலு அடுக்குமாடிக் கட்டடங்களின் வாசலில் பனி தள்ளினார். அம்மாவுக்குப் பனி என்றால் ஈரக் காலுறையும், வாசலில் கரைந்து நிற்கும் சேற்றுத் தண்ணீரும், அதைத் துடைக்கும் துணியும்தான். திங்கட்கிழமைகளில் என் வகுப்புப் பிள்ளைகள் எந்த மலையில் சறுக்கினார்கள் என்று கதை கதையாகச் சொல்வார்கள். நான் வாய் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்து கேட்டால் அம்மா, "காலை முறிச்சுக்கொண்டு படுத்தால் ஆர் பார்க்கிறது?" என்று ஒரே வசனத்தில் முடித்துவிடுவார்.

அப்பாவுக்கு ஒரேயொரு தம்பி. அப்பா நாட்டைவிட்டு வெளிக்கிட்டபோது சித்தப்பாவுக்குப் பதினாறு வயது. பிறகு அவரும் படிக்கவென்று யப்பானுக்குப் போய், அங்கேயே வேலை எடுத்து, அந்த நாட்டுப் பெண் ஒருவரையே கல்யாணமும் செய்துவிட்டார். அண்ணனும் தம்பியும் பதினாலு வருடமாக ஒருவரையொருவர் கண்ணால் காணவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் கார்ட்டைச் சுரண்டி இலக்கத்தை அழுத்தி இருபது நிமிடம் கதைப்பார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய உறவு.

அந்த இருபது நிமிடத்தில்தான் வினை விளைந்தது. "சனி ஞாயிறெண்டால் நாங்கள் பனியிலதான், தம்பி" என்று அப்பா ஒரு நாள் சொன்னார். அதில் பொய் ஒன்றுமில்லை. மறுமுனையில் சித்தப்பா, சறுக்குகிறீர்களா என்று கேட்டிருக்க வேண்டும். "பின்னை? பிள்ளை நடக்கிறதுக்கு முதல் சறுக்கினவள்" என்றார் அப்பா. நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய்யும் புழுகும் அவருக்குப் பழக்கமில்லை. தான் விட்டுவிட்டு வந்த தம்பி, அண்ணை எப்படி இருக்கிறாரோ என்று கவலைப்படக்கூடாது என்பதுதான் அவருடைய எண்ணம். ஆனால் பொய்க்குக் காலில்லை என்றாலும் வளர்த்தி உண்டு. கிழமைக்குக் கிழமை எங்கள் மலைகள் உயர்ந்துகொண்டே போயின.

பிறகு சித்தப்பா படம் கேட்டார். மொன்றியலில் ஜூலை முதலாம் திகதி பாதிச் சனம் வீடு மாறும். கொண்டுபோக முடியாத சாமான்களை நடைபாதையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டுக் கதிரை, மேசை, மீன்தொட்டி எல்லாம் அப்படி வந்து சேர்ந்தவை. ஒரு வருடம் அப்பா இரண்டு ஸ்கீ பலகைகளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். அவற்றுக்குரிய சப்பாத்து இல்லை. மார்கழியில் பூங்காவுக்கு என்னைக் கூட்டிப்போய், தன்னுடைய பழைய கட்டம் போட்ட சாரத்தைக் கிழித்து அந்தத் துண்டுகளால் என் ரப்பர் பூட்ஸைப் பலகையோடு கட்டி, "அசையாதை" என்று சொல்லிப் படம் எடுத்தார். அசைய நினைத்தாலும் அசைந்திருக்க முடியாது. படம் யப்பானுக்குப் போயிற்று. பலகைகள் அடுத்த கோடையில் பல்கனியில் பாகல் கொடிக்குக் கம்பாக நின்றன.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம், மார்ச் மாத விடுமுறைக் கிழமைக்குச் சித்தப்பா மூன்று டிக்கெட் அனுப்பினார். இரண்டாயிரத்தைந்து என்று நினைக்கிறேன். அவருடைய வீட்டில் இரண்டு நாள், பிறகு நகானோ மலைகளுக்கு மேலே ஒரு மேட்டுநிலத்தில் மூன்று நாள், முழுக்க முழுக்கப் பனி என்று திட்டம். "எங்கட பனி உங்களுக்குச் சின்னப்பிள்ளை விளையாட்டாத்தான் இருக்கும், அண்ணை. எண்டாலும் வந்து பாருங்கோ" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. அப்பா போனை வைத்துவிட்டுக் கனநேரம் அதற்குப் பக்கத்திலேயே இருந்தார். அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "இனி நல்லாச் சறுக்குங்கோ" என்றார்.

விமானத்தில் அப்பா எனக்குப் பாடம் நடத்தினார். நான் ஒன்றும் பேசக்கூடாது. கேட்டால் சிரிக்க வேண்டும். அவருக்கு முழங்கால் நோ, அதனால் இந்த முறை ஒருவரும் சறுக்கப்போவதில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சறுக்கக் கிடைத்த சந்தர்ப்பம் அப்பாவின் முழங்காலில் போய் முடிவதா? ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்ததும் பயமாகவும் இருந்தது. ஆஸ்பத்திரியில் மேலாளர் கூப்பிட்டால் அவருக்கு அப்படித்தான் முகம் மாறும் என்று அம்மா சொல்லியிருக்கிறார். தம்பிக்கு முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டி வந்துவிடுமோ என்று அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். அப்பா தலைகுனிவதைப் பார்க்க எனக்கும் விருப்பமில்லை. ஆகவே சம்மதித்தேன்.

விமான நிலையத்தில் பதினாலு வருடத்துக்குப் பிறகு சந்தித்த அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. ஒரே கந்தோரில் வேலை பார்க்கும் ஆட்கள்போலக் கைகுலுக்கினார்கள். "பயணம் எப்பிடி?" என்று தம்பி கேட்டார். "பரவாயில்லை" என்று அண்ணன் சொன்னார். சித்திதான் குனிந்து குனிந்து வணங்கி, "வாங்கோ, வாங்கோ, இருங்கோ" என்றார். இருப்பதற்கு அங்கே கதிரை ஒன்றும் இருக்கவில்லை. சித்தப்பா அவருக்குக் கற்றுக்கொடுத்த தமிழ் அத்தனையும் மரியாதைத் தமிழ். ஒன்பது வயதுப் பெண்ணான என்னையும் அவர் ஒரு மாமியாரைப்போலத்தான் விளித்தார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று.

இரண்டு நாளும் சகோதரர்கள் கதைத்ததெல்லாம் ரயில் எப்படி நேரத்துக்கு வருகிறது, அரிசி ஏன் ஒட்டுகிறது, கனடாவில் குளிர் எத்தனை பாகை என்பதைப் பற்றித்தான். ஊர்ப் பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை. எடுக்கப் பார்த்த அம்மாவிடமும் இருவரும் ஒரே குரலில் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டார்கள். இதற்கிடையில் அப்பா முழங்கால் நோவை அறிமுகப்படுத்தினார். சித்தப்பா துடித்துப்போய்விட்டார். கடைக்கு ஓடிப்போய் மருந்து பூசிய வெள்ளை ஒட்டுத்துணிகள் ஒரு பெட்டி வாங்கிவந்து, தரையில் முழங்காலிட்டு, அண்ணனின் இரண்டு காலிலும் தன் கையாலே ஒட்டிவிட்டார். மறுநாள் காலையில் "எப்பிடி அண்ணை?" என்று அவ்வளவு ஆசையாகக் கேட்டவரிடம், குறையவில்லை என்று சொல்ல அப்பாவுக்கு மனம் வரவில்லை. "காத்து மாதிரி இருக்கு" என்றார். அத்தோடு முழங்கால் கைவிட்டுப் போயிற்று.

மேட்டுநிலத்தை அவர்கள் கோகென் என்றார்கள். கார் வளைந்து வளைந்து மலை ஏறி, இனி உச்சிதான் என்று நினைக்கும்போது திடீரென்று சமதரை வந்தது. வெள்ளைவெளேரென்று ஒரு பெரிய வெளி, அதைச் சுற்றி மலைகள், மலைச் சரிவுகளில் எறும்புபோல மனிதர்கள் சறுக்கிக்கொண்டு இறங்கினார்கள். கோடையில் நகரத்துச் சனம் வெயிலுக்குத் தப்பி அங்கே வருமாம்; மாரியில் பனிக்கு வருமாம். நாங்கள் தங்கியது ஒரு தோட்டக்காரர் வீட்டில். கோடையில் கோவா, அதாவது முட்டைக்கோசு, பயிரிட்டு, மாரியில் அறைகளை வாடகைக்கு விடுகிற குடும்பம். விடுதிக்கார அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வெளியே தெரிந்த வெள்ளை வெளி முழுவதும் கோவாத் தோட்டம் என்று அவர் சொல்ல, அதைச் சித்தப்பா மொழிபெயர்க்க, அப்பாவின் முகத்தில் அந்தப் பயணத்தில் முதல் தடவையாக உயிர் வந்தது. என்ன மண், என்ன உரம், எத்தனை நாளில் முற்றும் என்று அடுக்கிக்கொண்டே போனார். மண்ணைப் பார்க்கவென்று கையால் பனியைக் கிண்டவும் போனார். முழங்கை வரை கை போயிற்று, மண் வரவில்லை.

மறுநாள் காலை வாசலில் சறுக்குப் பலகைகள், சப்பாத்துகள், ஊன்றுகோல்கள் எல்லாம் வரிசையாக வாடகைக்கு வந்து இறங்கியிருந்தன. சித்தப்பா ஏற்கனவே சப்பாத்தை மாட்டிக்கொண்டு, அண்ணனுக்குரிய பலகைகளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். "வாங்கோ அண்ணை, கனடாக்காரர் எப்பிடிச் சறுக்கினம் எண்டு பாப்பம்."

அப்பா அந்தப் பலகைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு, "தம்பி, நாங்கள் துடக்கு" என்றார்.

துடக்கு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாவு விழுந்த குடும்பத்துக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. கோயிலுக்குப் போகக்கூடாது, மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைக்கக்கூடாது, ஆட்டம் பாட்டம் கொண்டாட்டம் ஒன்றும் கூடாது. மொன்றியலில் எங்கள் ஆட்களுக்கு இது பெரிய வசதி. போக விருப்பமில்லாத பிறந்தநாள், கடன் கழிக்கக் கூப்பிட்ட பூப்புச் சடங்கான சாமத்தியவீடு, எல்லாவற்றுக்கும் "எங்களுக்குத் துடக்கு" என்று ஒரு போன் அடித்தால் போதும். யாரும் குறுக்குக் கேள்வி கேட்கமாட்டார்கள். அப்பாவும் பழக்கதோஷத்தில்தான் சொல்லியிருக்க வேண்டும். அவர் விட்ட பிழை, அதைக் கூடப்பிறந்த தம்பியிடம் போய்ச் சொன்னது. ஒரே இரத்தத்தில் அண்ணனுக்குத் துடக்கு என்றால் தம்பிக்கும் துடக்கு. தனக்குத் துடக்கு என்பதைத் தம்பி அப்போதுதான் கேள்விப்பட்டார்.

"ஆர் அண்ணை செத்தது?" என்று கேட்ட சித்தப்பாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

எங்கள் ஆட்களுக்குப் பொய் சொல்ல வரும். ஆனால் உயிரோடிருக்கிற ஒருவரைச் செத்துப்போனார் என்று சொல்ல நா எழாது. சொன்னால் பலித்துவிடும் என்று பயம். ஆகவே அப்பாவுக்கு அவசரமாக ஏற்கனவே செத்துப்போன ஒருவர் தேவைப்பட்டார். அவர் தேடியதை நான் கண்ணால் கண்டேன். கடைசியில், மிகவும் மெதுவாக, "எங்கட ஐயா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐயா என்றால் அவர்களுடைய தகப்பன், என் அப்பப்பா. அவர் செத்து ஆறு வருடமாகிவிட்டது! எனக்கு மூன்று வயதாக இருந்தபோது, இடம்பெயர்ந்து போன இடத்தில், வன்னியில் ஒரு கொட்டிலில் காய்ச்சல் வந்து செத்தவர். இரண்டு மகன்மாரும் வெளிநாட்டில்; போரால் பாதை பூட்டியிருந்த காலம். கடிதம் கைமாறிக் கைமாறி மொன்றியலுக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து இரண்டு மாதமாகியிருந்தது. துடக்குக் காலமும் அதற்குள் கழிந்துவிட்டது. கடிதத்தை வாசித்துவிட்டு அப்பா வழக்கம்போல வேலைக்குப் போனார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். எங்கள் விறாந்தையில் அப்பப்பாவின் படம் ஒரு சின்ன மின்விளக்கோடு தொங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு மோசமான பொய்யை நான் அதுவரை கேட்டதில்லை. வேறு யாரிடம் சொன்னாலும் பரவாயில்லை, செத்தவருடைய சொந்த மகனிடம் போய்ச் சொல்வதா? இதோ இப்போது சித்தப்பா சிரிக்கப்போகிறார், அப்பாவின் மானம் கப்பலேறப்போகிறது என்று நான் கண்ணை இறுக்கி மூடினேன்.

சிரிப்புச் சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது சித்தப்பா அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையை ஆட்டி "ஓம்" என்றார். கையிலிருந்த பலகைகளைச் சுவரோடு சாத்தினார். தரையில் உட்கார்ந்து, அந்தப் பாரமான சப்பாத்தின் கொளுவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "அப்ப எனக்கும் துடக்குத்தான். வாங்கோ அண்ணை, உள்ளுக்கு இருப்பம்" என்றார். அந்தச் சப்பாத்துக் கொளுவிகளின் சத்தத்தை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நன்றியால் நிரம்பிவிடுகிறது. அன்றைக்கும் நன்றிதான். ஆனால் அன்று நான் நினைத்த காரணம் வேறு.

சித்தப்பா சித்தியிடம் யப்பானிய மொழியில் ஏதோ நீளமாகச் சொன்னார். சித்தி விடுதிக்கார அம்மாவிடம் சொன்னார். அந்த அம்மா கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்து, எங்கள் முன்னால் முழங்காலிட்டு, நெற்றி தரையில் படும்படி வணங்கினார். அரை மணித்தியாலத்தில் சோறும், சோயா அவரைக் கட்டியும், ஊறப்போட்ட மரக்கறிகளும் தட்டில் வந்தன. அன்றைக்குக் கணக்காக வாங்கி வைத்திருந்த மீன் குசினியை விட்டு வெளியே வரவில்லை. கூடவே ஒரு கிண்ணத்தில் சாம்பலும், அதில் நட்ட ஊதுபத்தியும் வந்தன. செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரர்தான் சமைத்துக் கொடுப்பார்கள். அந்த வழக்கம் இந்த மலைக்கு எப்படி ஏறி வந்தது என்று அம்மா வாயைப் பிளந்தார். பிறகு அவருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. அப்பாவை ஒரு மூலைக்கு இழுத்து, "சறுக்கத் தெரியாதெண்டு ஒரு வசனம் சொல்ல வக்கில்லாமல், செத்த மனிசனை எழுப்பவேணுமே? இந்த மனிசி பாவம், எங்களுக்காக மரக்கறி சமைச்சுக்கொண்டு நிக்குது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அம்மா சொன்னது அப்பாவுக்குக் கேட்டதா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

என் பாடுதான் திண்டாட்டம். கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே என் வயதுப் பிள்ளைகள் கூவிக்கொண்டு சறுக்கினார்கள். உள்ளே ஆறு வருடத்துக்கு முந்திய சாவுக்கு நான் சம்மணம் கட்டித் துடக்குக் காத்தேன். ஒரு மணித்தியாலம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு அழத் தொடங்கினேன். அம்மா என்னைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், எழும்பி நின்று தீர்ப்புச் சொன்னார்: "பொம்பிளைப் பிள்ளை நாளைக்குக் கலியாணம் முடிச்சு வேற வீட்டுக்குப் போறவள். அந்தக் குடும்பத்துக்கு உங்கட துடக்கு இல்லைத்தானே? அவள் இப்பவே போகட்டும்."

ஒன்பது வயதில் அப்படித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். சித்தப்பாவின் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. "அண்ணி சொன்னால் சரி" என்றார். சித்தி என்னைக் கைபிடித்து வெளியே கூட்டிப்போனார்.

சித்திக்கு அரைகுறை ஆங்கிலம். எனக்கும் அரைகுறை ஆங்கிலம், முழுப் பிரெஞ்சு. நடுவில் அவருடைய மரியாதைத் தமிழ். இதை வைத்துக்கொண்டு சமாளித்தோம். சப்பாத்தைப் பலகையில் பூட்டி நிமிர்ந்த அந்தக் கணமே நான் குப்புற விழுந்தேன். எழும்பி மறுபடி விழுந்தேன். "விழுங்கோ, விழுங்கோ, நல்லது" என்று சித்தி கைதட்டினார். நாலாம் தடவை விழுந்தபோதுதான் எனக்கு உறைத்தது: நடக்க முதல் சறுக்கியவள் இப்படி விழக்கூடாதே! அப்பாவின் குட்டு என்னால் உடைந்துவிட்டது. பனியில் கிடந்தபடியே சித்தியின் காலைப் பிடித்து, சித்தப்பாவிடம் சொல்லவேண்டாம், தயவுசெய்து சொல்லவேண்டாம் என்று மூன்று மொழியிலும் கெஞ்சினேன்.

சித்தி எனக்குப் பக்கத்தில் பனியில் உட்கார்ந்தார். தன்னுடைய சப்பாத்தையும் பலகையையும் இணைக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினார். பிறகு துணியால் சுற்றிச் சுற்றிக் கட்டுவதுபோலச் சைகை செய்து, "உங்கட படம்" என்றார். "கட்டம் போட்ட துணி. எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன்." இதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் இந்த மலைகளில் சறுக்கி வளர்ந்தவர். படம் தபாலில் வந்த அன்றைக்கே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் சொல்லிச் சித்தப்பாவுக்கும் தெரிந்துவிட்டது. நான் நம்பாமல் பார்க்க, சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் காட்டினார். முதல் தடவை சறுக்குபவர்களுக்கான வகுப்பு, மூன்று பேருக்கு, ஒரு மாதத்துக்கு முன்னரே பதிந்திருந்தது. அப்பாவுக்கு, அம்மாவுக்கு, எனக்கு. மூலையில் ஒரு மரக்கூட்டத்துக்குப் பின்னால், யாரும் பார்க்காத சரிவாகப் பார்த்துக் கேட்டிருந்தாராம் சித்தப்பா.

எனக்குள் ஒரு பெரிய பாரம் இறங்கியது. எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். சித்தப்பாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே, அண்ணன் தலைகுனியக்கூடாது என்று, செத்துப்போன அப்பப்பா மறுபடி செத்ததாக ஒப்புக்கொண்டு, சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நடிக்கிறார். உலகத்தில் இவ்வளவு நல்ல சித்தப்பா யாருக்குக் கிடைப்பார்? நான் அந்தச் சந்தோஷத்தில் எழும்பி நின்றேன். சித்தி முதுகில் மெல்லத் தள்ளிவிட்டார். பத்துப் பதினைந்து அடி தூரம், காற்று முகத்தில் அடிக்க, கோவாத் தோட்டத்தின் மேல், விழாமல் போனேன். அதன் பிறகு எத்தனையோ மலைகளில் சறுக்கியிருக்கிறேன். அந்தப் பதினைந்து அடியை எனக்குத் தந்த அந்தப் பெண்ணை நினைக்காமல் ஒரு தடவையும் பலகையைப் பூட்டியதில்லை.

மத்தியானம் சாய்ந்த பிறகு தொப்பலாக நனைந்து திரும்பி வந்தோம். அப்பாவிடம் நல்ல செய்தியைச் சொல்ல எனக்கு அவசரம். காலுறையோடு விறாந்தையில் ஓடினேன். அறைவாசலில் அம்மா தேத்தண்ணிக் கோப்பைகள் வைத்த தட்டோடு நின்றார். காலையில் அவ்வளவு பொரிந்தவர், இப்போது உள்ளே போகாமல், தேத்தண்ணி ஆறுவதையும் கவனிக்காமல் நின்றார். என்னைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தார்.

உள்ளே மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில், சன்னலைப் பார்த்தபடி, அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் முட்ட இருந்தார்கள். காலையில் கொண்டுவந்த ஊதுபத்தி எரிந்து முடிந்து, புதிதாக இரண்டு ஏற்றியிருந்தார்கள். அப்பாவின் குரல் கேட்டது.

"ஆர் கொள்ளி வைச்சது, தம்பி?"

"தெரியாது அண்ணை. பக்கத்துக் கொட்டிலில இருந்த ஒரு பெடியனாம். பேர் கூட ஒருத்தரும் சொல்லேல்லை."

"நானெல்லோ வைச்சிருக்கவேணும்."

சித்தப்பா சாய்ந்திருந்த ஊதுபத்தியை நிமிர்த்தி நட்டார். பிறகு, "முப்பத்தொரு நாள் இருக்கவேணும். நாங்கள் ஒரு நாள் கூட இருக்கேல்லை, என்ன அண்ணை?" என்றார்.

அப்பா குனிந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அவருடைய முதுகு குலுங்கியது. சித்தப்பா தன் கையை அந்த முதுகில் வைத்தார். அப்பா அழுது நான் அதற்கு முன்னர் பார்த்ததில்லை. கண்ணீர், மூக்குத் தண்ணீர் எல்லாம் வந்தது. இவ்வளவு திறமாக நடிப்பார் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று வியந்தேன். பாவமாகவும் இருந்தது. வீணாக இவ்வளவு கஷ்டப்படுகிறாரே! அம்மாவின் கைக்கு அடியால் நுழைந்து உள்ளே ஓடி, அப்பாவின் காதைப் பிடித்து இரகசியமாகச் சொன்னேன்:

"அப்பா, சித்தப்பாவுக்கு எல்லாம் தெரியும். எங்களுக்குச் சறுக்கத் தெரியாதெண்டு எப்பவோ தெரியும். இனி நீங்கள் அழத் தேவையில்லை."

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். சித்தப்பா என் நனைந்த தலையைத் தடவினார். அவருடைய கண்ணும் சிவந்திருந்தது. நான் சொன்னதைக் கேட்டு இருவரும் எழும்பிச் சிரிப்பார்கள், பலகைகளை எடுத்துக்கொண்டு வெளியே வருவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் எழும்பவில்லை.

"நாங்கள் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறம், பிள்ளை. நீ போய் விளையாடு" என்றார் அப்பா.

உண்மை வெளிவந்த பிறகும் நடிப்பை நிறுத்தத் தெரியாத இந்தப் பெரிய மனிதர்களை நினைத்துச் சிரித்துக்கொண்டு, நான் மறுபடியும் பனிக்கு ஓடினேன்.